தர்மபுரியில் ஐந்து பேருக்கு ஒரு வீடு: தோப்பிலா, தெருவிலா? கருத்துச் சொல்லுங்கள்

பாலக்கோடு வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே நான் படிப்பதுதான் அதிகம், எழுதியதில்லை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 67 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியர். வீட்டம்மாவுக்கு 62, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மகனுக்கு 34. அறிவுசார் குறைபாடு, கூடவே ஃபிட்ஸ். தானே குளிப்பான், தானே சாப்பிடுவான், தினமும் பால் பாக்கெட் வாங்கி வருவான். மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாது, ஆனால் எங்கள் தெருக் கடைக்காரர் ஏமாற்றமாட்டார். தை மாதம் எனக்கு நெஞ்சு வலி வந்து சேலத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்து நாள் அங்கே இருந்தோம். அந்த ஐந்து நாளும் மச்சினர் வீட்டில் அவன் சோறே சரியாகச் சாப்பிடவில்லையாம், ராத்திரியில் செருப்பை மாட்டிக்கொண்டு போய் கேட்டைப் பிடித்தபடி நின்றிருக்கிறான். மச்சினர் நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து நாளுக்கே இப்படி என்றால் நான் போன பிறகு என்ன ஆகும் என்று யோசித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் சின்ன வயதில் ஒரே சிறப்புப் பள்ளிக்குப் போனதில் பழக்கமான ஐந்து குடும்பங்கள் நாங்கள். நான்கு பையன்கள், ஒரு பெண். எல்லாருக்கும் 28-லிருந்து 41 வயதுக்குள். இவர்கள் ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருக்கட்டும், பார்த்துக்கொள்ள ஆட்களைச் சம்பளத்துக்கு வைப்போம், பெற்றோர்கள் முறை வைத்து வந்து போவோம் என்பது யோசனை. இரண்டு வழி இருக்கிறது. எங்களில் ஒருவருக்கு ராயக்கோட்டை ரோட்டில் மாந்தோப்பு இருக்கிறது, அதில் வீடு கட்டலாம். இல்லையென்றால் தர்மபுரி டவுனுக்குள்ளேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். எங்களுக்குள் பேசிப் பேசி சண்டை வரும் அளவுக்குப் போய்விட்டது. வெளியே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் தங்கச்சி

சார், நீங்கள் சொல்லும் 41 வயதுக்காரர் என் அண்ணன்தான் என்று நினைக்கிறேன். எங்கள் அம்மா உங்கள் கூட்டத்துக்கு வந்து போகிறார், வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்வதில்லை. இதை இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன், பரவாயில்லை.

என் ஓட்டு டவுனுக்கு. அண்ணனுக்கு ஆட்டிசம். சாலை விநாயகர் கோயில் பக்கம் ஒரு டீக்கடையில் தினமும் சாயந்திரம் நாலரைக்கு ஒரு டீ, ஒரு பட்டர் பிஸ்கட். இருபது வருடமாக இதுதான். ஒரு நாள் போகவில்லை என்றால் கடைக்காரரே போன் பண்ணிக் கேட்பார். அந்த மனிதரைத் தோப்புக்குள் கொண்டுபோய் வைத்தால், ஆயிரம் வசதி செய்து கொடுத்தாலும், அவருக்கு இருக்கும் ஒரே வெளி மனுஷனையும் பிடுங்கின மாதிரி.

இன்னொன்று. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைப் பற்றியது. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேண்டிய உதவியை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லிவிட்டால் எல்லாம் நடந்துவிடுமா என்றால் இல்லைதான். ஆனால் இது நம் ஆசை மட்டும் இல்லை என்று தெரிய வேண்டும் அல்லவா.

கூடப் பிறந்தவர்கள் சார்பில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "தங்கச்சி பாத்துக்குவா" என்று என் பன்னிரண்டு வயதிலிருந்து கேட்கிறேன். பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் என்னிடம் ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அம்மா முதலில் சொன்னது இதைத்தான்.

காவேரிப்பட்டணம் மாங்காய்

தோப்பு என்னுடையது. என் தரப்பையும் கேளுங்கள்.

ஒன்றேகால் ஏக்கர், பெரும்பாலும் பெங்களூரா மரம், கொஞ்சம் செந்தூரா. போர் தண்ணீர் இருக்கிறது. என் மகளுக்கு 29. டவுன் வீட்டில் அவள் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துகிறார்கள், ராத்திரி கத்தினால் காலையில் வந்து "சார், பரீட்சை நேரம்" என்கிறார்கள். நான்கு வருடத்தில் மூன்று வீடு மாறினேன். தோப்பில் எவனுக்கும் பதில் சொல்ல வேண்டியது இல்லை. அவள் இஷ்டத்துக்குக் கத்தலாம், ஓடலாம். சீசனில் காய் பொறுக்குவாள், தரம் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தால் பிரிப்பாள். அடிபட்ட காயை அவளைவிட வேகமாக என் ஆட்களே கண்டுபிடிப்பதில்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஸ்காட்லாந்தில் அபர்தீன் பக்கம் 1940-ல் கார்ல் கோனிக் என்ற டாக்டர், ஹிட்லருக்குப் பயந்து ஆஸ்திரியாவை விட்டு ஓடி வந்தவர், கேம்ப்ஹில் என்று தொடங்கினார். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வளாகத்தில் ஒன்றாகக் குடியிருந்து, தோட்டம் போட்டு, ரொட்டி சுட்டு, நெசவு நெய்து வாழ்வது. இன்றைக்குப் பல நாடுகளில் நடக்கிறது. நிலம் அவர்களுக்கு நல்லது செய்கிறது. இதை யாரும் மறுக்க முடியாது.

டவுனில் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள், அப்புறம் வந்து சட்டப் பிரிவு பேசுங்கள்.

பென்னாகரம் சரசு

எனக்கு இதெல்லாம் ஒன்றும் பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளையை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்வதா? என் பையனுக்கு 26. என் கண் மூடுகிறவரைக்கும் நான் பார்ப்பேன், அப்புறம் முருகன் பார்ப்பான். ஊர் என்ன பேசும்?

அரூர் நைட் டூட்டி

சரசு அக்கா, கோவித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கண் மூடின மறுநாள் உங்கள் மகனைக் கொண்டுவந்து விடுவது எங்களிடம்தான். அதை ஒன்பது வருடமாக நான் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நான் இல்லங்களில் பராமரிப்பு வேலை பார்த்தவன். எந்த இல்லம், எந்த ஊர் என்றெல்லாம் கேட்காதீர்கள். அம்மா செத்த பதினாறாம் நாள் முடிந்ததும் ஆம்னி வேனில் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்த ஆளுக்கு 45, 50 வயது இருக்கும். அம்மா எங்கே போனார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எந்தக் கை சாப்பாட்டுக் கை, என்ன சொன்னால் கோபம் வரும், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எந்த மாத்திரை காலையில் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சுடுகாட்டில். சிலர் ஒரு மாதம் சாப்பிடமாட்டார்கள். மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. டாக்டர் வேறு ஏதோ காரணம் எழுதுவார்.

அதனால் வாத்தியார் ஐயா செய்கிற காரியம் சரி. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் அங்கே குடிபோய், நீங்கள் வாரம் இரண்டு தடவை போய்ப் பார்த்து, குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டு, ஆள் மாற்றி, திரும்ப ஆள் மாற்றி, இதெல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும்.

தோப்பு பற்றி. மாங்காய் அண்ணா, நிலம் நல்லதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபிட்ஸ் வந்து ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அது உயிர் போகிற விஷயம். தோப்பிலிருந்து 108 வந்து போகிற நேரத்தை ஒருநாள் நீங்களே ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, தோப்பில் வேலைக்கு ஆள் நிற்காது. நான் வேலை பார்த்த ஒரு இடம் ஊருக்கு வெளியேதான் இருந்தது. கடைசி பஸ் எட்டு மணிக்கு. கல்யாணம் ஆன பெண்கள் வரமாட்டார்கள், பையன்கள் இரண்டு மாதத்தில் ஓசூர் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். முப்பது பேருக்கு ராத்திரியில் நான் ஒருத்தன். ஒருவருக்குத் துணி மாற்றும்போது இன்னொருவர் சுவரில் முட்டிக்கொண்டிருப்பார். அப்போது கேட்டைப் பூட்டாமல் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். பூட்டிப் பழகிவிட்டால் பகலிலும் திறக்கத் தோன்றாது.

அப்புறம் பிறந்தநாள் அன்னதானம். இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வாரத்தில் நான்கு நாள் யாராவது வந்து கேசரி, பிரியாணி, குலோப் ஜாமூன். வரிசையில் உட்காரவைத்து போட்டோ. சர்க்கரை இருக்கிறவருக்கும் அதே கேசரி, ஏனென்றால் கொடுப்பவர் மனம் நோகக் கூடாது. ஐம்பது வயது ஆளுக்கு மிக்கி மவுஸ் தொப்பி. நான் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என் பிள்ளை பிறந்தநாளுக்கு கேசரி கிண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து பேர், டவுன் வீடு, பக்கத்தில் ஆஸ்பத்திரி, ஆட்கள் ஷிஃப்டில் வந்து போகலாம். என் கருத்து இவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் மாங்காய்

108 விஷயம் ஒத்துக்கொள்கிறேன். நேற்று பைக்கில் போய்ப் பார்த்தேன், 35 நிமிடம். ராத்திரி என்றால் இன்னும் கூட ஆகும், நடுவில் ரயில்வே கேட் வேறு.

பென்னாகரம் சரசு

அரூர் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மத்தியானம் சாப்பிடவில்லை. கோபம் இல்லை.

வேடிக்கை பார்ப்பவன்

பின்தொடர்கிறேன். என் சித்தி மகனுக்கு ஆகும்.

கிருஷ்ணகிரி கருப்பு கோட்டு

வீட்டைப் பற்றி நீங்கள் முடிவெடுங்கள், காகிதங்களைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

பிள்ளைக்கு 18 முடிந்த அன்றோடு நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் இல்லை. அப்பா என்பதால் தானாக அது தொடராது. வங்கியில், சொத்து விஷயத்தில் இது ஒருநாள் முகத்தில் அடிக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், எல்லாரும் நேஷனல் டிரஸ்ட் என்று சொல்வது, அதன்படி மாவட்டத்தில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று உண்டு. கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் ஆள் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். கோர்ட்டுக்குப் போகாமலே இந்தக் குழு பாதுகாவலரை நியமிக்கும். நியமனம் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், அப்புறம் வருடா வருடம் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கொடுக்கிறார்களா என்று நீங்கள் கேட்கக் கூடாது, நான் சிரித்துவிடுவேன்.

மனநோய் உள்ளவர்கள் இந்த நான்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள், பாதி அலுவலகங்களிலேயே குழப்புகிறார்கள்.

நேஷனல் டிரஸ்டில் நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, வருடம் ஒரு லட்சம் வரை, ஏற்கெனவே இருக்கிற நோய் என்று தள்ளமாட்டார்கள், தெரபிக்கும் எடுக்கலாம். சேர்க்கவில்லை என்றால் முதலில் சேருங்கள். 18 வயது தாண்டியவர்கள் ஆயுள் முழுக்கத் தங்கும் குழு இல்லத்துக்கு கரௌந்தா என்று திட்டம் 2015-ல் வந்தது, ஆனால் அது பதிவு பெற்ற அமைப்புகளுக்கு. நீங்கள் ஐந்து குடும்பம் வெறுமனே சேர்ந்து வாடகை கட்டுவது வேறு, "இல்லம்" என்று நடத்துவது வேறு. பேர் வைத்து போர்டு மாட்டி ஆள் சேர்க்க ஆரம்பித்தால் 2016 சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். ஆகையால் போர்டு மாட்டாதீர்கள், வாடகை ஒப்பந்தத்தில் ஐந்து குடும்பத்தின் பெயரும் வரட்டும், உங்களுக்குள் என்ன ஏற்பாடு என்று ஒரு அறக்கட்டளைப் பத்திரம் எழுதிவிடுங்கள். யாராவது ஒரு குடும்பம் விலகினால் என்ன, ஒரு அப்பா இறந்து மருமகன் வந்து சண்டை போட்டால் என்ன, இதெல்லாம் அதில் வர வேண்டும்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு தனிச் செய்தி. 2003 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்து பழைய ஓய்வூதியம் வாங்குபவர் நீங்கள் என்றால், உங்களுக்கும் அம்மாவுக்கும் பிறகு, சம்பாதிக்க இயலாத மகனுக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் மகன் பெயரையும் மருத்துவச் சான்றையும் இப்போதே ஓய்வூதியப் புத்தகத்தில் ஏற்றி வையுங்கள். நீங்கள் இல்லாதபோது இதை நிரூபிப்பது பெரும்பாடு.

பாலக்கோடு வாத்தியார்

வக்கீல் சாருக்கு நன்றி. 18 முடிந்ததும் நான் பாதுகாவலர் இல்லை என்பது 16 வருடமாக எனக்குத் தெரியாது, நானும் ஒரு வாத்தியார்.

கணக்குப் போட்டதைக் கீழே தருகிறேன். வாடகை 12,000. வீட்டோடு இருக்க இரண்டு பேர், தலைக்கு 15,000, ஆக 30,000. அவர்கள் லீவு எடுக்கும்போது மாற்றி விட ஒருவர் 9,000. அரிசி, மளிகை, காய், பால் எல்லாம் ஏழு பேருக்கு 24,000. கரண்டும் கேஸும் 5,000. மருந்து, ஆட்டோ, சில்லறைச் செலவு 5,000. கூட்டினால் 85,000, ஒரு குடும்பத்துக்கு 17,000. அரசு பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 வருகிறது, கழித்தால் 15,000. எனக்குப் பென்ஷனில் முடியும். இன்னும் இரண்டு குடும்பத்துக்கு இழுத்துப் பிடித்தால் முடியும்.

ஊத்தங்கரை செங்கல்

பதினஞ்சாயிரமா? நல்லது சார்.

நானும் என் வீட்டுக்காரரும் பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் பெரியவனுக்கு 24. நடப்பான், பேச்சு வராது. மாமியார் பார்த்துக்கொள்கிறார், அவருக்கே 70 தாண்டிவிட்டது, கண் சரியில்லை. வேலைக்குப் போன இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வருடம் வைத்திருந்தோம், தகரக் கொட்டகையில், மேஸ்திரி திட்டி அனுப்பிவிட்டார். நம் பக்கத்தில் எத்தனை ஊரில் இப்படி, சின்ன வயசு ஆட்கள் எல்லாம் பெங்களூரு, திருப்பூர் போய்விட, திண்ணையில் ஒரு பாட்டியும் ஒரு பெரிய பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். காலில் கயிறு கட்டியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். வேண்டும் என்று கட்டவில்லை. பாட்டியால் துரத்திப் பிடிக்க முடியாது, கிணறு பக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் போடுகிற கணக்கில் நாங்கள் இல்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

ஓசூர் தங்கச்சி

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் எழுதிய பிறகு எங்கள் டீ பிஸ்கட் கதை எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

சென்னையில் குடியேறிய மொரப்பூர்க்காரன்

கயிறு என்றதும் ஏர்வாடிதான் ஞாபகம் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலையில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்கள் மனநோயாளிகள், இங்கே பேசுவது வேறு என்று வக்கீல் சார் சொல்வார், சரிதான். ஆனால் குடும்பத்தால் முடியாமல் எங்கோ கொண்டுபோய் விட்ட கதை ஒன்றுதானே.

அங்கிருந்து இன்றைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1993-ல் சென்னையில் ஆரம்பித்த பேன்யன் அமைப்பு, தெருவில் கிடந்த மனநோயுள்ள பெண்களுக்காகத் தொடங்கியது. அவர்கள் 2015 வாக்கில் ஹோம் அகெய்ன் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பல வருடம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவர்களை நாலைந்து பேராக, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்து, கூடவே உதவிக்கு ஒரு ஆள். சமையல் அவர்களே, கடைக்குப் போவதும் அவர்களே. உதவிக்கு இருப்பவர்களில் பலர் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். வாத்தியார் சொல்லும் வீடும் கிட்டத்தட்ட இதேதான், ஆக நம் ஊருக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செங்கல் அக்கா கேட்ட கேள்விக்குப் பதிலும் இதில் பாதி இருக்கிறது, ஏனென்றால் அங்கே இருப்பவர்களின் குடும்பம் பணம் கட்டவில்லை. மீதிப் பாதி, யார் பணம் கட்டுவது என்பது. நம் மாவட்டத்தில் அதற்கு அரசாங்கத்தைத்தான் கேட்க வேண்டும், கேட்கிற கூட்டமாக நாம் இன்னும் ஆகவில்லை.

இந்திராநகர் ரிட்டன்

பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆஷா நிகேதனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் வீடு அது. 1970-ல் தொடங்கியது, பிரான்சில் 1964-ல் ஜான் வானியே ஆரம்பித்த லார்ஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. நோயாளி, வார்டன் என்ற பேச்சே கிடையாது. எல்லாரும் ஒரே மேசை. பாத்திரம் கழுவுவதற்கு அட்டவணை, அதில் என் பெயரையும் எழுதிவிட்டார்கள். முதல் நாளே ஒரு அண்ணன் வந்து என் தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சரியாகக் கழுவவில்லை என்று திரும்பக் கொடுத்தார். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது அங்கேதான்.

ஆனால் முழுக் கதையும் சொல்ல வேண்டும். வானியேவை உலகமே மகான் என்றது. 2019-ல் இறந்தார். மறு வருடமே லார்ஷ் அமைப்பே விசாரித்து, அவர் ஆன்மிக வழிகாட்டி என்ற பெயரில் பெண்களைத் தவறாகப் பயன்படுத்தியதை வெளியிட்டது. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் இல்லை. 2023-ல் வந்த முழு அறிக்கை 25 பெண்கள் என்றது. எனக்குப் பல நாள் மனசே ஆறவில்லை. அதன் பிறகும் அந்த வீடுகள் நடக்கின்றன, ஏனென்றால் சோறு ஆக்குவதும் தட்டு கழுவுவதும் அவரை நம்பி இல்லை.

நம் ஊரில் பாருங்கள், இல்லம் என்றாலே வாசலில் நிறுவனர் ஐயா படம், அம்மா படம், மாலை. அவரைக் கேள்வி கேட்டால் பாவம் என்கிற மாதிரி. உங்கள் வீட்டில் எவர் படமும் மாட்டாதீர்கள். எந்த நேரத்தில் எந்தக் குடும்பம் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டும், சமையல்கட்டு வரை போக விட வேண்டும். இதை மட்டும் பத்திரத்தில் எழுதுங்கள், மற்றதெல்லாம் நடக்கும்.

காரிமங்கலம் அம்மா

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். நான்கு பையன், ஒரு பெண் என்று முதல் பதிவிலேயே வாத்தியார் எழுதினார், அதை ஒருவரும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

எனக்கும் பெண்தான், 31 வயது. நான் விடமாட்டேன். பையன்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, அவர்களுக்கு என்ன தெரியும் என்பதும் இல்லை, எல்லாருக்கும் உடம்பு இருக்கிறது, வயசு இருக்கிறது, அதை நாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதே இல்லை. வேலைக்கு வருகிற ஆட்கள், கரண்ட் ரிப்பேருக்கு வருகிறவன், எல்லாரையும் யோசிக்க வேண்டும். 1994-ல் மகாராஷ்டிராவில் அரசு இல்லத்தில் இருந்த பெண்களுக்கு, மாதவிலக்குச் சுத்தம் பார்க்க முடியவில்லை என்று கூட்டமாகக் கர்ப்பப்பையையே எடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? என்னிடமும் ஒரு டாக்டரம்மா "எடுத்துடுங்க, நிம்மதி" என்று சொன்னார். யாருக்கு நிம்மதி? எடுத்துவிட்டால் தீட்டு நிற்கும், ஆள் தொடுவது நிற்குமா?

நான் எடுக்கவில்லை. பேடு மாற்ற மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தேன், இப்போது அவளே மாற்றுகிறாள். பெண்களுக்குத் தனி வீடு, பெண் ஆட்கள் மட்டும். அப்படி வந்தால் என் மகள் முதல் ஆள். மாங்காய் அண்ணா, உங்கள் பெண்ணையும் அதுவரை வைத்திருங்கள்.

காவேரிப்பட்டணம் மாங்காய்

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அம்மா சொல்வது சரி என்று வீட்டுக்காரியும் சொல்கிறாள், இதை முதல் கூட்டத்திலேயே சொன்னாளாம், நான் காதில் வாங்கவில்லையாம். ஆனால் இதன் அர்த்தம் என்னவென்றால் தோப்பும் வேண்டாம், என் மகளும் வேண்டாம், அவ்வளவுதானே? கூட்டத்தை ஆரம்பித்ததே நான்.

அரூர் நைட் டூட்டி

அண்ணா, தோப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அங்கே படுக்க வேண்டாம் என்றேன். காலையில் வேலைக்குப் போய் சாயந்திரம் வீட்டுக்கு வருவது போல வைக்கலாமே, நாம் எல்லாரும் அப்படித்தானே இருக்கிறோம். மாங்காய் சீசன் இல்லாத மாசி, பங்குனியில் புளி தட்டலாம், கொட்டை எடுக்கலாம். நான் பார்த்த ஒரு ஆட்டிசம் தம்பி புளி ஓடு உடையும் சத்தத்துக்காகவே நாள் முழுக்க உட்காருவான், எழுப்பினால் அழுவான். கூலி மட்டும் கொடுத்துவிடுங்கள், பொழுதுபோக்கு என்று சொல்லி ஏமாற்றாதீர்கள்.

நான்தான் (அக்கா மகள் டைப் அடிக்கிறாள்)

நான் சொல்கிறேன், அவள் அடிக்கிறாள். எனக்கு 38. கையும் பேச்சும் சரியாக வராது. எல்லாம் புரியும். மெதுவாகப் புரியும்.

பெரிய இல்லத்தில் நாலு வருஷம் இருந்தேன். சாப்பாடு நல்லா இருக்கும். அடிக்கவில்லை. ஆனால் என் டம்ளர் என்று ஒன்று இல்லை. ஃபேன் சுவிட்ச் ஆபீஸ் ரூமில் இருக்கும். எட்டு மணிக்கு லைட் ஆஃப். எனக்குப் பத்து மணிக்குத்தான் தூக்கம் வரும். இரண்டு மணி நேரம் இருட்டில் சும்மா இருப்பேன், நாலு வருஷம்.

பக்கத்துக் கட்டில் ஆள் என்னைக் கிள்ளுவார். மாற்றச் சொன்னேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றார்கள்.

நீங்கள் எல்லாரும் நிறைய எழுதினீர்கள். அந்த அஞ்சு பேரிடம் கேட்டீர்களா? யார் கூட யார் இருப்பது என்று கேட்டீர்களா? வாத்தியார் சார் பையனுக்கு அந்த 41 வயசுக்காரரைப் பிடிக்குமா?

எனக்கு ரூம் சாவி வேணும். தொலைத்தாலும் என்னிடம்தான் இருக்க வேணும்.

ஓசூர் தங்கச்சி

நான் என் அண்ணனிடம் கேட்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்று இதே இழையில் குறைப்பட்டவள் நான்.

பாலக்கோடு வாத்தியார்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

"நான்தான்" தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மறுநாள் நான்கு பையன்களையும் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தோம். களியும் கறிக்குழம்பும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகனும் இருபது வருடமாக அவனுக்கு உயிர் சிநேகிதன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பையனும் ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிநேகம் எங்கள் அம்மாக்களுக்குள்தான் போலிருக்கிறது. அந்த ஆட்டிசம் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான் மகன், ஏனென்றால் அவர் பேசமாட்டார், இவன் பேசிக்கொண்டே இருப்பான். அவர் நடுவில் எழுந்து போய்விட்டார், நாலரை ஆகிவிட்டது.

அப்புறம் டவுனில் பார்த்த வீட்டையும் தோப்பையும் செல்போனில் போட்டோ எடுத்துக் காட்டினேன். என் மகன் தோப்பைக் காட்டினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூங்குவதற்கா என்று கேட்டதும் தலையாட்டினான், மறுபடி கேட்டதும் வேறு மாதிரி ஆட்டினான். இப்படிக் கேட்டு விடை வாங்க முடியாது என்று புரிந்தது. இரண்டு இடத்திலும் இருக்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே இப்போதைக்கு முடிவானது இது. ஆடி முதல் வாரத்திலிருந்து பதினைந்து நாள், டவுன் வீட்டில் ஒத்திகை. வீட்டு உரிமையாளர் ஐந்தாவது ஆள்தான் ஒத்துக்கொண்டவர், முதல் நான்கு பேரும் யார் குடிவருகிறார்கள் என்று கேட்டதும் மாமனார் வருகிறார், மருமகள் வருகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். மாங்காய் சார் அந்த அனுபவத்தைத்தான் முதலிலேயே சொன்னார், நாங்கள்தான் நம்பவில்லை. பகலில் தோப்பில் வேலை, அவரே வேன் அனுப்புகிறார், அவர் மகளும் பகலுக்கு வருவாள், கூலி உண்டு. ராத்திரிக்குப் பெண்கள் வீடு எப்போது என்று தெரியவில்லை, காரிமங்கலம் அம்மாவும் அவர் வீட்டுக்காரியும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது கட்டிலுக்கு ஊத்தங்கரை அம்மா மகனைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பதினைந்து நாளுக்கு அவர் பங்கை நான்கு குடும்பம் பிரித்துக்கொள்கிறோம். மாதா மாதம் என்றால் எங்களால் முடியுமா என்று இன்னும் கணக்கு வரவில்லை, அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அரூர் தம்பி முதல் மூன்று ராத்திரி வந்து இருக்கிறேன் என்கிறார், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

வீட்டம்மா ஒரு நோட்டில் மகனைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறாள், எந்தப் பக்கம் படுப்பான், ஃபிட்ஸ் வருமுன் எப்படி விழிப்பான் என்று. 40 பக்க நோட்டு, பாதி ஆகிவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுகிறாள்.

பூட்டு ஐந்து வாங்கியாகிவிட்டது, ஒவ்வொன்றுக்கும் மூன்று சாவி. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாரிடமாவது பழைய இரும்புக் கட்டில் இரண்டு இருந்தால் சொல்லுங்கள், ஆறே கால் அடி நீளம் வேண்டும், ஒருவன் உயரம் அதிகம். வண்டி நாங்களே கொண்டுவருகிறோம்.